பறவை நோக்கும் ஜன்னலைப் பறவைகளுக்குப் பாதுகாப்பாக மாற்றிய அனுபவம்

பறவைகளைப் பார்ப்பதற்கு எந்த ஜன்னல் வாய்ப்பாக இருக்கிறதோ, பெரும்பாலும் அதுவே பறவைகளுக்கு ஆபத்தான ஜன்னலாகவும் இருக்கிறது. மரங்களைப் பார்த்தபடி அமைந்த, அகலமான, நன்றாகத் துடைத்த கண்ணாடி வழியாகத்தான் நமக்குக் காட்சி தெளிவாகக் கிடைக்கிறது. அதே கண்ணாடியின் வெளிப்புறத்தில் அந்த மரங்களும் வானமும் அப்படியே பிரதிபலிப்பதால், பறந்துவரும் பறவைக்கு அது தோட்டத்தின் தொடர்ச்சியாகவே தெரிகிறது. கதவு நிலை, திரைச்சீலை, சுவரின் விளிம்பு ஆகியவற்றை வைத்து இங்கே கண்ணாடி இருக்கிறது என்று நாம் ஊகித்துக்கொள்கிறோம். பறவைக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது இலைகளைப் பார்க்கிறது, அந்த இலைகளை நோக்கி முழு வேகத்தில் பறக்கிறது.

இதைப் பெருநகரங்களின் வானளாவிய கட்டடங்களுக்கு மட்டுமே உரிய சிக்கலாகப் பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் ஆண்டுதோறும் கட்டடங்களில் மோதி இறக்கும் பறவைகள் 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை இருக்கலாம் என்று 2014இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் ஏறக்குறைய 44 விழுக்காடு மூன்று மாடிவரை உள்ள வீடுகளிலும், 56 விழுக்காடு நான்கு முதல் பதினொரு மாடிவரை உள்ள கட்டடங்களிலும் நிகழ்கின்றன. அதற்கும் உயரமான கட்டடங்களின் பங்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒவ்வொரு வீட்டிலும் நடப்பது ஒன்றிரண்டாக இருந்தாலும் வீடுகளின் எண்ணிக்கை மிகப் பெரியது. ஆகவே இந்த வேலையை வீட்டிலிருந்து தொடங்குவதே பொருத்தம். ஏணி, டிரில், அளவுநாடா ஆகியவற்றைக் கையாளத் தெரிந்த எவரும் இதைச் செய்துவிடலாம்.

முதல் வேலை எந்தக் கண்ணாடி ஆபத்தானது என்று கண்டறிவது. இதற்குப் பறவை நோக்குபவரின் குறிப்பேடே போதுமான கருவி. காலையில் வீட்டைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு கண்ணாடியையும் வெளியிலிருந்து, பறவை பறக்கும் உயரத்துக்குக் குனிந்தும் நின்றும் பார்த்தேன். உள்ளே இருக்கும் நாற்காலி தெரிகிறதா, வெளியே இருக்கும் மரம் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. மரம் தெரிந்தால் அது ஆபத்தான கண்ணாடி. இரண்டு கண்ணாடிகள் மூலையில் சந்திக்கும் இடத்தில் இன்னொரு வகைச் சிக்கல் இருக்கிறது. அங்கே பிரதிபலிப்பே இல்லாவிட்டாலும் ஒரு கண்ணாடி வழியாக நுழைந்து மற்றொன்றின் வழியாக வெளியேறலாம் என்று பறவை நம்பும்படி அப்பால் உள்ள செடிகள் தெரிகின்றன. வெளிச்சம் மாறும்போது பிரதிபலிப்பும் மாறுவதால், அதிகாலையிலும் நண்பகலிலும் மாலையிலும் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. பறவைகள் தீவிரமாக இரை தேடும் காலை நேரத்தில்தான் மோதல்கள் மிகுதி என்பதால், அந்த வேளையின் குறிப்புக்கு நான் கூடுதல் மதிப்புத் தந்தேன்.

தரையில் இறந்த பறவை கிடக்கிறதா என்று தேடுவது மட்டும் போதாது. பூனை, காகம், கீரி, எறும்பு ஆகியவை அதைச் சீக்கிரமே அப்புறப்படுத்திவிடும். மோதிய பறவை சற்றுத் தள்ளிப் பறந்துபோய்ப் புதருக்குள் விழுவதும் உண்டு. எனவே கண்ணாடியையே படிக்க வேண்டும். சாய்ந்த வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒட்டியிருக்கும் சிறு இறகு, எச்சில் தீற்றல், தூசித் தடம் எல்லாம் தெரியும். புறாக்களின் சிறகில் மாவு போன்ற மெல்லிய தூள் படிந்திருக்கும். மரகதப்புறா ஒன்று மோதிய இடத்தில் அந்தத் தூள் அதன் முழு உருவத்தையும் கண்ணாடியில் பதித்திருந்தது: விரிந்த இரு சிறகுகள், சிறகு நுனியில் தனித்தனியாகப் பிரிந்த இறகுகளின் கோடுகள், அலகு பட்ட இடத்தில் ஒரு கீறல், கண் இருந்த இடத்தில் சிறு வட்டம். மரங்களுக்கிடையே தாழ்வாக, நேர்கோட்டில், மிகுந்த வேகத்தோடு பறக்கும் பறவை அது. அந்தத் தடத்தைப் படம் எடுத்துவிட்டுத்தான் துடைத்தேன், ஏனென்றால் கண்ணாடியின் எந்தப் பகுதியில், எந்தக் கோணத்தில் மோதல் நிகழ்ந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். தேன்சிட்டு, கொண்டைக்குருவி, வாலாட்டி போன்றவை சில காலங்களில் ஒரே கண்ணாடியை மீண்டும் மீண்டும் கொத்துவதைப் பார்க்கலாம். அது மோதல் அன்று. தன் எல்லைக்குள் போட்டியாளர் நுழைந்துவிட்டதாக எண்ணித் தன் உருவத்தோடு அவை சண்டையிடுகின்றன. அதனால் பறவை சாவது அரிது என்றாலும், கூடு கட்டவும் குஞ்சுகளுக்கு ஊட்டவும் வேண்டிய நேரமும் வலுவும் வீணாகின்றன. அந்தக் கண்ணாடியை வெளியிலிருந்து சில வாரங்களுக்குத் தாளாலோ துணியாலோ மறைத்தாலே போதும். வண்டியின் பக்கக் கண்ணாடிக்கும் ஒரு துணிப்பையே தீர்வு.

எதைச் செய்வது என்று முடிவெடுப்பதற்கு முன், எவை பயன்படாது என்பதைத் தெரிந்துகொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். பருந்தின் நிழலுருவ ஒட்டுப்படத்தைக் கண்ணாடியின் நடுவில் ஒட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. அசையாத கறுப்பு உருவத்தைப் பறவைகள் வேட்டையாடியாகக் கொள்வதில்லை. அந்த ஒட்டுப்படம் இருக்கும் இடத்தை மட்டும் தவிர்த்துவிட்டுப் பக்கத்திலேயே மோதுகின்றன. புறஊதா ஒளியில் மட்டும் தெரியும் ஒட்டுப்படங்களையும் நான் விட்டுவிட்டேன். சிறு பறவைகள் பலவற்றுக்குப் புறஊதா தெரியும் என்பது உண்மைதான். ஆனால் இரைக்கொல்லிப் பறவைகளுக்கு அந்தப் பார்வைத்திறன் குறைவு. அதிகாலையிலும் மேகமூட்டத்திலும் அந்த ஒளியே குறைவாகத்தான் இருக்கிறது. உள்பக்கம் திரைச்சீலை போடுவதும் அரைத் தீர்வே. பிரதிபலிப்பு கண்ணாடியின் வெளிமுகத்தில் நிகழ்வதால், உள்ளே செய்யும் எதையும் அது மறைத்துவிடுகிறது. அடையாளம் வெளிமுகத்தில், கண்ணாடி முழுவதும், பறவை புகமுடியாத இடைவெளியில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலை வீண்.

எவ்வளவு இடைவெளி என்பதுதான் முக்கியம். பறக்கும் பறவை எதிரே உள்ள இடுக்குகளை அளந்து, தன் உடல் நுழையுமா என்று கணித்தே வழியைத் தேர்கிறது. நெருக்கமான கிளைகளுக்கிடையே தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுந்து வெளியேறுவதைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். செங்குத்துக் கோடுகளுக்கு 10 செ.மீ. இடைவெளி போதும் என்பது முந்தைய பரிந்துரை. மிகச் சிறிய பறவைகளையும் காப்பதற்காக இப்போது எல்லாத் திசைகளிலும் 5 செ.மீ. என்று சொல்லப்படுகிறது. தொங்கும் கயிறுகளுக்கு மட்டும் ஏறக்குறைய 10 செ.மீ. இடைவெளி நடைமுறையில் நல்ல பலன் தந்திருக்கிறது.

பெரிய ஜன்னலுக்குக் கயிற்றுத் திரையைத் தேர்ந்தேன். அது 180 செ.மீ. அகலமும் 120 செ.மீ. உயரமும் கொண்ட நகரும் கண்ணாடி ஜன்னல். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவாக இருந்தால் கயிறுகள் இடைஞ்சலாகிவிடும். அத்தகைய ஜன்னலுக்குக் கண்ணாடியின் மேல் வண்ணத்தால் வைக்கும் புள்ளிகளே ஏற்றவை. வேண்டியவை ‘எல்’ வடிவ அலுமினியச் சட்டம் 180 செ.மீ., 3 மி.மீ. தடிமனுள்ள நைலான் கயிறு 25 மீட்டர், பிளாஸ்டிக் பிளக்குகள், துருப்பிடிக்காத திருகாணிகள் ஆகியவைதாம். முதல் கயிறு ஓரத்திலிருந்து 5 செ.மீ. தள்ளித் தொடங்கி, பிறகு 10 செ.மீ.க்கு ஒன்றாக வைத்தால் 180 செ.மீ. அகலத்துக்கு 18 கயிறுகள் வரும். சட்டத்தை ஜன்னலின் மேல்விளிம்புக்கு 5 செ.மீ. மேலே பொருத்துவதால், கயிறு அடிவிளிம்புக்கு 3 செ.மீ. மேலே முடிய வேண்டுமானால் 122 செ.மீ. தொங்க வேண்டும், இரு முனை முடிச்சுகளுக்கும் 8 செ.மீ. சேர்த்து ஒவ்வொன்றும் 130 செ.மீ. மொத்தம் 23.4 மீட்டர்.

சட்டத்தின் ஒரு பக்கத்தில் சுவரில் பொருத்துவதற்கான துளைகளையும், மறுபக்கத்தில் கயிறுகளுக்கான 4 மி.மீ. துளைகளையும் தரையில் வைத்தே போட்டுவிட வேண்டும். ஏணியில் நின்று செய்யும் வேலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. டிரில் போட்ட இடத்தில் அலுமினியத்தின் விளிம்பில் கூரான பிசிறு நிற்கும். அதை உப்புத்தாளால் இரண்டு பக்கமும் நன்றாகத் தேய்த்துவிடாவிட்டால், காற்றில் ஆடும் கயிற்றை அது கொஞ்சங்கொஞ்சமாக அறுத்துவிடும். கயிற்றை அளந்து வெட்டியவுடன் இரண்டு நுனிகளையும் தீயில் லேசாகக் காட்டி உருக்கிவிட்டேன். பிரிந்த நைலான் இழைகளைச் சிறு பறவைகள் கூட்டுக்காக இழுத்துச் செல்லும். அத்தகைய இழை குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் பிழைப்பது கடினம். இந்த ஒரு காரணத்துக்காகவே நுனிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிச் சரிபார்த்தேன்.

சட்டம் நேராக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, சன்ஷேடின் கீழே, சுவரில் பிளக் அடித்து முடுக்கினேன். கயிற்றின் மேல்முனையில் இரட்டை முடிச்சுப் போட்டுத் துளை வழியாகக் கீழே விட்டால் முடிச்சு சட்டத்தின் மேல் உட்கார்ந்துவிடும். வேறு பிடிமானம் தேவையில்லை. கீழ்முனையிலும் ஒரு சிறு முடிச்சு. அடிப்பக்கத்தைக் கட்டாமல் தொங்கவிட்டதற்குக் காரணம் உண்டு: மெல்லிய அசைவே பறவையின் கவனத்தை ஈர்க்கிறது. ஆனால் பலத்த காற்று நேராக அடிக்கும் பக்கமாக இருந்தால் கயிறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இடையில் பெரிய வெற்றிடம் உண்டாகும். அங்கே கீழேயும் ஒரு சட்டம் வைத்து விறைப்பாகக் கட்டுவதே சரி. எந்த இடத்திலும் கயிறு வளையமாகத் தொங்கக் கூடாது. கழுத்தோ காலோ சிக்கும் வாய்ப்பைக் காப்பு முயற்சியே உருவாக்கிவிடலாகாது.

மூலைக் கண்ணாடிகளுக்குப் புள்ளி வைக்கும் முறை. ஒவ்வொன்றும் 60 செ.மீ. அகலம், 150 செ.மீ. உயரம். கண்ணாடியின் வெளிமுகத்தைச் சோப்பு நீரால் கழுவி, காய்ந்தபின் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். எண்ணெய்ப்பசை சிறிது இருந்தாலும் வண்ணம் சில மாதங்களில் உரிந்துவிடும். வெயில் நேரடியாக விழும் நேரத்தில் வண்ணம் பரவாமல் உடனே காய்ந்து திட்டுத்திட்டாக நிற்பதால், நிழலான வேளையே உகந்தது. துளையிட்ட அட்டையைக் கண்ணாடியில் வைத்து அதன் வழியே வண்ணம் இட்டால், அட்டையின் அடியில் வண்ணம் கசிந்து புள்ளிகள் கலைந்துவிடும். அதற்குப் பதிலாக, சார்ட் தாள்களை ஒட்டிச் சேர்த்து, 5 செ.மீ. கட்டங்களைத் தடித்த கோடுகளாக வரைந்து, அந்தத் தாளைக் கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒட்டினேன். வெளியே நின்று, கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு இடத்தின் மேலும் வெள்ளை நிற எண்ணெய் வண்ண மார்க்கரால் 8 மி.மீ. அகலப் புள்ளியை வைத்தால் வரிசை பிசகாமல் வந்துவிடுகிறது. கண்ணை ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் எதிரே வைத்துக்கொள்வது அவசியம். ஓரங்களிலிருந்து 2.5 செ.மீ. தள்ளித் தொடங்கினால் குறுக்கே 12, நெடுக்கே 30 என ஒரு கண்ணாடிக்கு 360 புள்ளிகள். பொறுமையைக் கேட்கும் வேலைதான். ஆனால் ஒருவர் ஒரு பிற்பகலில் ஒரு கண்ணாடியை நிதானமாக முடிக்கலாம்; அதே தாளை அடுத்த கண்ணாடிக்கும் பயன்படுத்தலாம்.

வெள்ளையைத் தேர்ந்ததற்குக் காரணம், கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பு பெரும்பாலும் அடர்ந்த இலைகளின் கரும்பச்சை என்பதே. வானம் மட்டுமே பிரதிபலிக்கும் மாடிக் கண்ணாடியாக இருந்தால் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வைப்பது நல்லது.

சிறிய ஜன்னல்களுக்கு இவ்வளவு உழைப்புத் தேவையில்லை. கொசுவலைச் சட்டத்தை உள்பக்கம் மாட்டுவதற்குப் பதிலாக வெளிப்பக்கம் மாட்டினால் பிரதிபலிப்பு மங்கிவிடும். மோதினாலும் அடி மெதுவாகவே படும். வலை தொய்யாமல் விறைப்பாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

பகலுக்கான ஏற்பாடு இது. வலசை போகும் சிறு பறவைகளில் பல இரவில் பறப்பவை என்பதால் விளக்கொளியையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. சிக்காகோவின் மெக்கார்மிக் பிளேஸ் கட்டடத்தில் 1978 முதல் இறந்த பறவைகளைச் சேகரித்துப் பதிந்துவருகிறார்கள். 2023 அக்டோபர் தொடக்கத்தில் ஒரே இரவில் அங்கே ஏறக்குறைய ஆயிரம் பறவைகள் இறந்தன. அந்த நீண்ட காலப் பதிவுகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வு, ஒளிரும் ஜன்னல்களின் பரப்பை முன்பு பதிவான மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்தால் பறவை மரணங்கள் சுமார் 60 விழுக்காடு குறையும் என்று கணித்தது. 2024இல் அதே கட்டடத்தின் கண்ணாடிகளில் நெருக்கமான புள்ளிகள் கொண்ட படலம் ஒட்டப்பட்டபின், அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் மோதல் மரணங்கள் சுமார் 95 விழுக்காடு குறைந்தன. அங்கே இயந்திரத்தில் அச்சிட்ட படலம், இங்கே கையால் வைத்த புள்ளி. செயல்படும் அடிப்படை ஒன்றே. வீட்டில் நான் செய்தது, வலசைக் காலத்தில் இருட்டியதும் அடர்ந்த திரையை இழுத்துவிடுவதும், தேவையற்ற வெளிவிளக்கை அணைப்பதும் மட்டுமே.

வேலை முடிவதற்குள்ளோ பக்கத்துக் கட்டடத்திலோ பறவை மோதி மயங்கி விழுந்தால் செய்ய வேண்டியதையும் குறித்துவிடுகிறேன். காற்றுத்துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில் மென்மையான துணியை விரித்து, பறவையை மெதுவாக எடுத்து வைத்து மூடி, இருட்டான, அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் புகட்டக் கூடாது, தீனி கொடுக்கக் கூடாது, அடிக்கடி திறந்து பார்க்கவும் கூடாது. ஒரு மணி நேரம் போல் கழித்துப் பெட்டியை வெளியே எடுத்துச் சென்று மரங்களருகே திறந்தால், தேறிய பறவை தானே பறந்துவிடும். பறக்காவிட்டால் காட்டுயிர் மீட்புப் பணியாளரையோ கால்நடை மருத்துவரையோ உடனே நாட வேண்டும். மோதிய பறவைகள் கழுத்து முறிந்து சாவதாகப் பரவலாக நம்பப்படுகிறது; உண்மையில் பெரும்பாலானவை தலைக்குள் ஏற்படும் இரத்தக்கசிவால் இறக்கின்றன. அதனால்தான் எழுந்து பறந்துபோன பறவை பிழைத்துவிட்டது என்று நிம்மதி அடைய முடிவதில்லை. மோதாமல் தடுப்பதே உண்மையான சிகிச்சை.

இவ்வளவும் செய்தபின் ஜன்னல் வழியாகப் பறவை பார்க்கும் இன்பம் குறையுமா என்ற ஐயம் பலருக்கு எழும். எனக்கு அது கூடியிருக்கிறது. இருநோக்கியைத் தொலைவிலுள்ள கிளையில் குவித்தால், அருகில் இருக்கும் 3 மி.மீ. கயிறு முற்றிலும் கலங்கிக் காட்சியிலிருந்து மறைந்துவிடுகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் கயிறுகளும் சில நாள்களில் பழகிப்போகின்றன. ஜன்னலை நோக்கி வேகமாக வரும் கொண்டைக்குருவி, கயிறுகளுக்குச் சற்று முன்பே வாலை விரித்து, உடலைச் சாய்த்து, ஒரு பக்கமாகத் திரும்பிச் செல்வதை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். வால் இறகுகளின் வெள்ளை நுனிகள் முழுதாக விரிந்து தெரிவது அந்த ஒரு கணத்தில்தான். சட்டத்தின் முடிச்சுகளுக்கிடையே சிலந்திகள் வலை பின்னத் தொடங்கியதும் பெண் தேன்சிட்டு வர ஆரம்பித்தது. கூட்டை நெய்து பிணைக்க அதற்குச் சிலந்தி நூல் வேண்டும். சிறகடித்தபடி ஓரிடத்தில் நின்று, வளைந்த அலகின் நுனியால் நூலைச் சுற்றி எடுத்து, அலகின் அடியில் சிறு பஞ்சுபோல் சேர்த்துக்கொண்டு செல்கிறது. அதன் பிறகு அந்தச் சட்டத்தை நான் ஒட்டடை அடிப்பதில்லை.

கண்ணாடி பாதுகாப்பானபின்தான் நீர்த்தொட்டியை ஜன்னலருகே கொண்டுவந்தேன். தீனி, நீர் ஆகியவற்றைக் கண்ணாடியிலிருந்து 1 மீட்டருக்குள் வைக்கலாம், அல்லது 10 மீட்டருக்கு அப்பால் வைக்கலாம். இடைப்பட்ட தொலைவே ஆபத்தானது. மிக அருகில் இருந்தால், மிரண்டு எழும் பறவை உயிருக்கு ஆபத்தாகும் வேகத்தை எட்டுவதற்கு முன்பே கண்ணாடியை அடைந்துவிடுகிறது. நீரின் ஆழம் 5 செ.மீ.க்கு மிகாமல், அடிப்பரப்பு சொரசொரப்பாக, நடுவில் ஒரு கல்லோடு இருந்தால் சிறு பறவைகளும் தயங்காமல் இறங்குகின்றன. நீரை நாள்தோறும் மாற்றித் தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நோய் பரவாமலும் கொசு பெருகாமலும் இருக்க அது இன்றியமையாதது. பூனை பதுங்கக்கூடிய அடர்ந்த புதர் தொட்டியை ஒட்டி இருக்கலாகாது. ஆனால் அச்சமுறும்போது பறந்து ஏறுவதற்குச் சில மீட்டர் தொலைவில் ஒரு மரக்கிளை வேண்டும்.

பராமரிப்பு மிகக் குறைவு. மழைச்சாரல் படும் பக்கத்தில் புள்ளிகள் மங்குகின்றன. உதிர்ந்த புள்ளிகளின் இடத்தில் புதியவற்றை வைத்தால் போதும், கண்ணாடி முழுவதையும் சுரண்ட வேண்டியதில்லை. கயிறுகளில் எது துளையருகே தேய்ந்திருக்கிறது என்று வலசைக் காலம் தொடங்குமுன் ஒருமுறை பார்த்து மாற்றிவிடுகிறேன். குறிப்பேட்டில் மோதல் பக்கத்தை மூடவில்லை. எந்தக் கண்ணாடியில் புதிய தடம் தெரிந்தாலும் நாள், நேரம், திசை, பறவையின் பெயர் ஆகியவற்றை எழுதிவருகிறேன். இனி மீதமிருப்பது மாடிப்படியின் உயரமான கண்ணாடி. அது வானத்தை மட்டுமே பிரதிபலிப்பதால் இருநிறப் புள்ளிகளைத் திட்டமிட்டிருக்கிறேன். ஏணி எட்டாத உயரம் என்பதால், சாரம் கட்டும் நாளுக்காக 5 செ.மீ. கட்டம் வரைந்த தாளைச் சுருட்டித் தயாராக வைத்திருக்கிறேன்.